பேரளத்தில் ஒரு வளையம்

1979 நவம்பர் 18

மூன்று நாள் மழை இன்றுதான் விட்டது. விழிதியூரில் இரண்டு மின்கம்பம் சாய்ந்து கிடந்தன. முழங்கால் தண்ணீரில் நின்று நிமிர்த்திவிட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஒரு அட்டைப்பெட்டி. அண்ணனோடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ஒருவர் லீவில் வந்தாராம், கொடுத்துவிட்டுப் போனாராம். தையல்நாயகி பிரிக்காமல் வைத்திருந்தாள். சென்ட்டு, சேலை என்று நினைத்திருப்பாள், பாவம்.

உள்ளே ஒரு பொம்மை ரயில். எஞ்சின் ஒன்று, பெட்டி ஆறு, தண்டவாளத் துண்டுகள், குமிழ் வைத்த டிரான்ஸ்பார்மர். அண்ணன் மகன் விளையாடி அலுத்துப் போட்டது. கூடவே ஒரு சீட்டு: "செல்லையா, நீ கரண்ட்காரன், உனக்குத்தான் இது உதவும். நல்லபடியாகப் பொருத்தி வை. லீவில் வரும்போது சேர்ந்து ஓட்டுவோம்."

பதினாறு வருஷமாக இந்த 'வரும்போது' வந்துகொண்டே இருக்கிறது. அம்மா செத்ததற்கும் வரவில்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. எனக்குப் பழைய பொம்மை!

சாப்பிட்டுவிட்டுத் தரையில் வட்டமாகப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. அதுதான் எரிச்சல்.

1979 டிசம்பர் 2

தையல்நாயகி இன்றும் ஆரம்பித்தாள். "பொம்மை அனுப்பத் தெரிஞ்சவருக்கு ஒரு பத்திரம் எழுதி அனுப்பத் தெரியாதாங்க?" வீட்டைச் சொல்கிறாள். அவளுக்குத் தெரியாத கதையா?

1963 ஜனவரி. காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தாயிற்று, இனியும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் லீவில் வந்து கையெழுத்துப் போட்டார். நானும் போடுவதாகத்தான் இருந்தேன். மின்துறையில் சேர்ந்து அப்போது நாலு மாதம். காரைக்கால் ஸ்டேஷனில் பேரளம் வண்டி ஏறுகிற நேரத்தில் அண்ணன் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "நீ போடாதடா. அம்மாவுக்கு ஒருத்தன் வேணும். வீடு உனக்குத்தான். நான் வந்து பங்கு கேக்க மாட்டேன்."

நான் போடவில்லை. பிப்ரவரியில் கெடு முடிந்தது. என்னோடு படித்து, கையெழுத்துப் போட்டவனெல்லாம் பிரான்சிலிருந்து வரும் பென்ஷனில் மாடி கட்டுகிறான். நான் கம்பம் ஏறுகிறேன்.

அப்பா பெயரில் இருக்கிற வீடு என்னுடையது என்பது அண்ணன் வாயில்தான் இருக்கிறது. காகிதத்தில் இல்லை. எழுதிக் கொடுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் அவர் சொல்லை நான் நம்பவில்லை என்று ஆகிவிடாதா? வேண்டாம். அவருக்கே தோன்ற வேண்டும்.

1980 பிப்ரவரி 10

முடிவு செய்துவிட்டேன். வட்டம் சுற்றுகிற பொம்மை எனக்கு வேண்டாம். போட்டால் காரைக்கால்–பேரளம் லைன் முழுவதும் போடுவேன். காரைக்கால் பிளாட்பாரம், திருநள்ளாறு, அம்பகரத்தூர், கடைசியில் பேரளம். அண்ணன் எந்த இடத்தில் நின்று அதைச் சொன்னாரோ அந்த இடம் அளவு தப்பாமல் அதில் இருக்கும். வந்து பார்க்கட்டும். பார்த்தால் நினைவு வராமலா போகும்?

கேட்காமலே கேட்பது என்று இதைச் சொல்லலாம். கோழைத்தனம் என்றும் சொல்லலாம். தையல்நாயகி இரண்டாவதைத்தான் சொல்வாள். அதனால் அவளிடம் சொல்லவில்லை.

1980 ஜூன் 22

பட்டினத்துக்குப் போய் நெய்னா முகம்மதுவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது திருமலைராயன்பட்டினத்தில் ஃபாரின் சாமான் கடை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு தடவை சிங்கப்பூர் போய் வருவான். நான் எழுதிக் கொடுத்த பட்டியலை மேலும் கீழும் பார்த்தான். தண்டவாளம் நாற்பது துண்டு, மெல்லிய ஒயர் நாலு நிறத்தில், பாயிண்ட் இரண்டு — அதாவது ஒரு தடம் இரண்டாகப் பிரிகிற துண்டு.

"அல்லாவே! ஊர்ல உள்ளவன்லாம் டேப்ரெக்கார்டர் கேக்குறான். நீ தண்டவாளம் கேக்குறியே செல்லையா. ரயில்வேல உன்னை வேலைக்கு எடுத்துட்டாங்களா?"

"கொண்டு வர முடியுமா, முடியாதா?"

"கொண்டாறேன்யா. கஸ்டம்ஸ்ல கேட்டா எம்புள்ளைக்குன்னு சொல்லிக்கிறேன். உனக்குன்னா நம்ப மாட்டான்."

பிள்ளை என்று வாயில் வந்தவுடன் அவன் முகம் மாறியது. எங்களுக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரியும். உடனே டீ வாங்கி வரச் சொன்னான்.

1980 நவம்பர் 30

ரயில் மேசைக்குப் போட்ட பிளைவுட் உப்பிவிட்டது. மேசை அமைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மழைக்காலக் கடல்காற்று குடித்து நடுவில் கர்ப்பிணி மாதிரி எழும்பி நிற்கிறது. அம்பகரத்தூருக்குப் பக்கத்தில் மலை! தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இல்லாத மலை! ஒட்டிய தண்டவாளத்தையெல்லாம் பிடுங்கினேன்.

1981 மார்ச் 8

அண்ணன் அறைக் கதவைக் கழற்றினேன்.

எழுதிப் பார்க்கும்போது திருட்டு மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. அண்ணன் போன நாளிலிருந்து பூட்டிக் கிடக்கிற அறை. பர்மாத் தேக்கில் இரட்டைக் கதவு, ஏழரை அடி உயரம், இழைத்தால் இன்றும் எண்ணெய் வாசனை வரும். எந்த மழைக்கும் அசையாது. இரண்டையும் படுக்கப்போட்டு நீளவாட்டில் சேர்த்தால் பதினைந்து அடி. காரைக்காலிலிருந்து பேரளம் வரைக்கும் சரியாக வரும். அறை வாசலுக்குத் தையல்நாயகியின் பழைய சேலையைத் திரையாகக் கட்டினேன்.

"அவரு ரூம் கதவுங்க," என்றாள்.

"வரும்போது மாட்டிக்கலாம்."

"கேட்டுட்டாவது செய்யக் கூடாதா? ஒரு லெட்டர் போட்டு?"

என் வீட்டுக் கதவை எடுக்க நான் யாரைக் கேட்க வேண்டும்?

1981 ஆகஸ்ட் 23

ஒயருக்காகக் கதவில் இன்றோடு நாற்பத்தோரு துளை. பிளாட்பாரம் முடிந்தது. திருநள்ளாற்று வயலுக்கு மரத்தூளில் பச்சை சாயம் கலந்து தூவினேன். கடலோர மணலுக்குக் கடலோர மணலே.

1981 டிசம்பர் 13

தண்டவாளம் துரு. நாலு நாள் துடைக்காவிட்டால் எஞ்சின் நொண்டுகிறது. மண்ணெண்ணெய்த் துணியால் பதினைந்து அடியையும் துடைக்க முக்கால் மணி நேரம். சாயங்காலம் ஆனால் வோல்ட்டேஜ் இறங்கி வண்டி திருநள்ளாற்றிலேயே படுத்துவிடுகிறது. "சனீஸ்வரன் கோயிலுக்குப் போறவங்க எல்லாம் இறங்கிக்குங்க," என்றாள் தையல்நாயகி. ஊருக்கே கரண்டு கொடுக்கிற துறையில் இருந்துகொண்டு இதற்கு நான் யாரிடம் புகார் கொடுப்பது?

1982 அக்டோபர் 3

இன்று காரைக்காலில் புறப்பட்டு அம்பகரத்தூர் வரை நிற்காமல் ஓடியது. சிக்னல் விளக்கு பச்சைக்கு மாறியது. தையல்நாயகி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டு குமிழைத் திருப்பினாள், இரண்டு தடவை ஓட்டினாள். பிறகு அவளே தண்டவாளத்தைத் துடைத்தாள்.

நல்ல நாள். சும்மா எழுதி வைக்கிறேன்.

1983 நவம்பர் 6

அண்ணன் கடிதம். வருகிற ஜூலையில் நிச்சயம் வருகிறார்களாம், அண்ணியும் அவரும். "வீட்டு விஷயமாகவும் ஒரு முடிவு செய்துவிடலாம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் இருபது தடவை படித்தேன். தையல்நாயகி ஒரே தடவை படித்துவிட்டு, "முடிவுன்னா என்ன முடிவு?" என்றாள்.

அவளுக்கு எல்லாம் சந்தேகம். கொடுக்கிற முடிவுதான். வேறு என்ன?

1984 ஜனவரி 22

பேரளத்தில் ஒரு வளையம் போடுகிறேன். வண்டி பேரளம் போனால் திரும்பி வர எஞ்சினைக் கையால் தூக்கித் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் எதிரில் அது அசிங்கம். வளையம் இருந்தால் பாயிண்டில் ஏறி, சுற்றி வந்து, போன தடத்திலேயே தானாகக் காரைக்கால் திரும்பும்.

"பேரளத்துல ஏதுங்க வளையம்? நான் பாத்ததே இல்லையே."

"இனிமே இருக்கு."

வளைவுத் துண்டு ஒன்று மட்டும் குறைகிறது. நெய்னாவுக்குச் சிங்கப்பூரில் அந்த அளவு கிடைக்கவில்லை. அண்ணனுக்கு எழுதினேன், வரும்போது கொண்டு வரச் சொல்லி. அவர் கையால் வரும் துண்டுதான் கடைசித் துண்டு என்பதும் ஒரு விதத்தில் நல்லதாகத்தான் படுகிறது.

1984 ஜூலை 8

வந்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு முடியெல்லாம் போய்விட்டது. அப்பா முகம் அப்படியே. இருபத்தோரு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். நான் பெட்டிகளைத் தூக்கினேன். கூடத்துக்குள் வந்தவர் ரயிலைப் பார்த்தார். குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். தன் அறை வாசலில் தொங்கும் சேலையைப் பார்த்தார்.

"என் கதவாடா இது?"

"பிளைவுட் உப்பிப் போச்சுண்ணே. அதான்... மாட்டிடலாம்."

"பரவால்லடா. சும்மா நின்னுக்கிட்டு இருந்த கதவு. இப்ப ஏதோ வேலை பாக்குது."

சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. சேலையை இரண்டு விரலால் விலக்கி உள்ளே பார்த்துவிட்டு, "இதுலயா நாம படுக்கறது?" என்றார்கள்.

1984 ஜூலை 13

மாங்கனித் திருவிழா. அண்ணன் சின்னப் பையன் மாதிரி கூட்டத்தில் புகுந்து எறிகிற மாம்பழத்தைத் தாவிப் பிடித்தார். சட்டையெல்லாம் சாறு. ஐந்து நாளாக வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று மட்டும் பத்திரம் எழுதும் நொத்தேர் வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தையல்நாயகி கண்ணாலேயே என்னைக் குடைகிறாள்.

1984 ஜூலை 14

பிரெஞ்சு தேசிய நாள். அண்ணன் மெடலெல்லாம் குத்திக்கொண்டு சொல்தாக்களோடு போர் நினைவுச் சின்னத்துக்குப் போனார். நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. எனக்கு டூட்டி.

மத்தியானம் சாப்பிட வந்தபோது வாசலிலேயே காதில் விழுந்தது. அண்ணி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "புள்ள இல்லாத வீட்டுல இவ்வளவு பெரிய கூடம். அதுல பொம்மை ரயிலு." அடுத்த வீட்டு ஆஸியா பீவி இருந்தார்கள். உள்ளே தையல்நாயகி குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். கேட்காமல் இருக்க வாய்ப்பே இல்லை.

சாப்பிடாமல் திரும்பி ஆபீசுக்குப் போனேன்.

1984 ஜூலை 15

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் நெய்னா வந்தான். அண்ணன், அண்ணி, தையல்நாயகி எல்லாரும் கூடத்தில். அண்ணன் கொண்டு வந்த வளைவுத் துண்டை எல்லார் எதிரிலும் பொருத்தினேன். வளையம் மூடியது. குமிழைத் திருப்பினேன். டிரான்ஸ்பார்மர் ஒரு உறுமு உறுமி 'டக்'கென்று அடங்கிவிட்டது. வண்டி அசையவில்லை. மறுபடி போட்டேன். உறுமல், டக். நேற்று வரை பொன்னு மாதிரி ஓடின காரைக்கால் பக்கமும் செத்துவிட்டது. ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம். வேர்த்துக் கொட்டியது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஷார்ட்!

அண்ணன் சிரித்தார். "ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்குறவன் வீட்டுல ரயிலு நிக்குது பாரு!" நெய்னாவும் சிரித்தான். அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். "செல்லையா, வளையம் போட்டா தண்டவாளத்தை எங்கயோ வெட்டி விடணும்டா. இல்லன்னா ஷார்ட் ஆகும்னு நம்ம பய சொல்வான்."

"எனக்குக் கரண்டு சொல்லித்தர வந்துட்டீங்களா?"

"இல்லடா, பய சொன்னதை—"

"உங்க பய விளையாடித் தூக்கிப் போட்டதைத்தானே ஒட்டி வச்சிருக்கேன். எனக்கு வந்ததெல்லாம் அதுதானே. அம்மாவைத் தூக்கிப் போடவும் நான்தான், நீ போட்ட குப்பையைப் பொறுக்கவும் நான்தான்."

நீ. அண்ணனை நான் 'நீ' என்றேன். வாழ்க்கையிலேயே முதல் தடவை. அப்போதாவது நிறுத்தினேனா? கையெழுத்துப் போடாதே என்று என்னை இங்கே கட்டிப் போட்டுவிட்டுப் போனது யார் என்றேன். வீடு உனக்கு என்று ஸ்டேஷனில் நின்று சொன்னது எங்கே என்றேன்.

அண்ணன் குரல் உயரவே இல்லை. "நானா போடாதேன்னேன்? வேலை போயிடும்னு நீதானடா பயந்தே. அம்மாவுக்கு ஒருத்தன் வேணும்னு சொன்னதும் நீதான்."

"பிளாட்பாரத்துல சொன்னியே!"

"நான் அப்படிச் சொல்லலை."

சொல்லலையா? இருபத்தோரு வருஷமா நான் அதை வச்சுத்தானே உசிரோட இருக்கேன்! சொல்லலையாம்!

"சரி, அப்ப பாகத்தைப் பிரிச்சிடு," என்றேன். "உன் பங்கை நீ எடுத்துக்க. உன் கதவையும் எடுத்துக்க. புள்ள இல்லாதவனுக்குப் பெரிய கூடம் எதுக்கு?"

அண்ணி எழுந்து உள்ளே போனார்கள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

1984 ஜூலை 16

ஓட்டலில் அறை எடுத்துவிட்டார்கள். நெய்னா இரண்டு பக்கமும் நடந்தான். "மன்னிச்சிருங்கண்ணேன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொல்லுய்யா. நான் கூட வர்றேன்."

சொன்னது அவர்தான் என்று அவர் ஒப்புக்கொள்ளட்டும். பிறகு பார்க்கலாம்.

1984 ஜூலை 17

போகவில்லை.

1984 ஆகஸ்ட் 3

பாகப்பிரிவினை முடிந்தது. வீட்டின் கிழக்குப் பாதி, அண்ணன் அறை உட்பட, அவருக்கு. மேற்குப் பாதி எனக்கு. கூடத்தின் நடுவில் சுவர். நொத்தேர் படித்துக் காட்ட இருவரும் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் என் பக்கம் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேனா என்ன?

வெளியே வரும்போது குமாஸ்தா பாலகுரு ஒரு காகிதக் கட்டோடு வந்தார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "போன மாசம் பன்னெண்டாந்தேதி உங்கண்ணன் எழுதச் சொன்ன நகல் இருக்குங்க. அவங்க பங்கை உங்க பேருக்குத் தானமா எழுதினது, முழு வீடும் உங்களுக்குன்னு. பதினேழாந்தேதிதான் வந்து வேண்டாம்னு சொன்னாங்க. இதைக் கிழிச்சிடலாமுங்களா?"

பன்னிரண்டாம் தேதி. மாங்கனிக்கு முதல் நாள்.

பதினைந்தாம் தேதி கத்தினேன். பதினாறாம் தேதி முழுக்க அண்ணன் காத்திருந்திருக்கிறார். பதினேழாம் தேதி வரைக்கும்.

கிழித்துவிடுங்கள் என்றேன்.

1984 ஆகஸ்ட் 4

தையல்நாயகியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "கேட்டிருந்தா முன்னாடியே குடுத்திருப்பாரு," என்றாள். பிறகு, "நீங்க வாயால கேக்காம ரயில் விட்டீங்க," என்றாள்.

ஆக, அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

1984 ஆகஸ்ட் 19

அண்ணனும் அண்ணியும் விடியற்காலை போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளவில்லை. நெய்னா ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். "உங்கண்ணன் பிளாட்பாரத்துல நின்னு சுத்திச் சுத்திப் பாத்தாருய்யா," என்றான். எதைத் தேடினாரோ. சொன்னாரா சொல்லவில்லையா என்று அவருக்கே இப்போது சந்தேகமோ? எனக்குச் சந்தேகம் இல்லை. இருக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம், அம்மாவுக்கு ஒருத்தன் வேணும் என்பது... என் குரலிலும் அது காதில் விழுகிறது. இரண்டு நாளாக விழுகிறது.

1984 செப்டம்பர் 9

ரயிலைப் பிரித்தேன். நாலரை வருஷ வேலை, ஒன்றேகால் நாளில் முடிந்தது. கதவு இரண்டையும் கழுவி, துளைகளில் மெழுகும் மரத்தூளும் பிசைந்து அடைத்து, அண்ணன் அறையில் மாட்டினேன். அடைக்க அடைக்க ஏழெட்டு தப்பிவிட்டது. உள்ளே விளக்கைப் போட்டால் கதவில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

1984 செப்டம்பர் 16

கொத்தனார் மாரிக்கண்ணு சுவர் எழுப்புகிறார். கோடு சரியாக மின்விசிறிக்குக் கீழே வந்தது. விசிறியை இரண்டடி என் பக்கம் தள்ளி மாட்டினேன். மேலே வரிசை எழும்பும்போது கேட்டார்:

"அந்தப் பக்கம் போற ஒயரு சுவத்துக்குள்ள வருதுங்களே. வெட்டிடுறீங்களா, ஓட்டை விடட்டுமா?"

"ஓட்டை விடு."

"கரண்டு உங்க மீட்டர்லல்ல ஓடும்?"

"ஓடட்டும். வந்தா வெளக்கு வேணும்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

1984 நவம்பர் 11

மழை. வேலை இல்லை. பெட்டியிலிருந்து பேரளம் வளையத்தை மட்டும் எடுத்து என் பாதிக் கூடத்தின் தரையில் போட்டேன். ஒரு காகிதத்தில் இரண்டு கம்பியையும் இரண்டு நிறத்தில் வரைந்தேன். போகும்போது இடது கைப்பக்கம் இருக்கிற கம்பி, வளையம் சுற்றி வந்து வலது கைப்பக்கக் கம்பியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றில் கரண்டு போகிறது, மற்றதில் திரும்புகிறது. இரண்டும் தொட்டால் ஷார்ட் ஆகாமல் என்ன ஆகும்? முதல் மாதம் சேர்ந்த ஹெல்ப்பருக்குக்கூடத் தெரியும். வளையத்தை இரண்டு முனையிலும் வெட்டி, தனி ஒயர் கொடுத்து, மாற்றிப்போட ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாக ஒயரைப் பார்க்கிறவன். இதை ஒயர் என்று பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் தண்டவாளமாகவே பார்த்தேன். நிஜத் தண்டவாளம் எங்கே வளைந்தால்தான் என்ன, எங்கே சேர்ந்தால்தான் என்ன?

ரம்பத்தால் வெட்டினேன். ஸ்விட்ச் வைத்தேன். ஓடியது. சுற்றி வந்து, வந்த வழியே திரும்பியது.

அண்ணன் சொன்னதுதான் சரி. அவர் மகன் சொன்னதுதான் சரி.

1984 நவம்பர் 12

அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "தண்டவாளத்தை வெட்டி விட்டேன், ஓடுகிறது" என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி வரவில்லை.

1985 ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. அண்ணனிடமிருந்து எதுவும் இல்லை. கடிதத்தில் இன்னும் அதே முதல் வரி.

1985 டிசம்பர் 8

தையல்நாயகி சுவரோரமாக அரிசி மூட்டையை அடுக்கிவிட்டாள். வளையம் போட்டுப் பார்க்கவும் இனி இடம் இல்லை. எஞ்சினை நெய்னா கடைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறான், விற்பதற்கு இல்லை என்று சீட்டு எழுதி. யாராவது விலை கேட்டால் கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

1986 அக்டோபர் 19

கிழக்குப் பாதி விற்பனைக்கு என்று தரகர் செல்வராசு யாரையோ அழைத்து வந்து காட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் நான் வாங்கியிருக்க முடியுமா? அது வேறு. கேட்டிருக்கலாம்.

அந்தக் கடிதத்தை அன்றே முடித்து அனுப்பியிருந்தால்?

1987 பிப்ரவரி 4

ஆபீசில் இன்று புது இணைப்பு விண்ணப்பங்கள் ஏழு. மூன்றாவது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை கமலாம்பாள். விலாசத்தை முழுதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை, என் வீட்டின் கிழக்குப் பாதி. அண்ணன் தரகருக்குப் பவர் பத்திரம் கொடுத்து, தை பிறந்ததுமே விற்பனை முடிந்திருக்கிறது.

உடன் வேலை பார்க்கும் காசிநாதன் என் கையிலிருந்து தாளை வாங்கப் பார்த்தான். "நீங்க வேணாம்ணே. நான் போய் முடிச்சிட்டு வர்றேன்."

"என் ஏரியா. நான்தான் போகணும்."

சைக்கிளில் மீட்டர், பலகை, ஒயர்ச் சுருள் எல்லாம் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே போனேன். தையல்நாயகி என்ன இந்நேரத்தில் என்றாள். பக்கத்தில் வேலை என்றேன். புரிந்துகொண்டாள், ஏணியை வந்து பிடித்துக்கொண்டாள். கமலாம்பாள் நல்ல மாதிரி. காபி கொடுத்தார்கள். "இந்தக் கதவுல ஏன் சார் இத்தனை ஓட்டை? செல்லு அரிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். தேக்கைச் செல் அரிக்காது, பயப்படாதீங்க என்றேன்.

புது மீட்டர் மாட்டினேன். பிறகு என் பக்கம் வந்து மெயினை அணைத்தேன், சுவருக்குள் போகிற ஒயரைக் கட்டரால் வெட்டினேன், முனைக்கு டேப் சுற்றினேன், ஓட்டையில் சிமெண்ட் அடைத்தேன். அந்தப் பக்கம் போய் மறுமுனையையும் அப்படியே. மெயினைப் போட்டுவிட்டு அங்கே டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். டெஸ்டர் விளக்கு எரியவில்லை.

படிவத்தின் கடைசி இடத்தில் சோதனை முடிவு எழுத வேண்டும். அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன்:

"மேற்படி பகுதிக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே மின் தொடர்பு எதுவும் இல்லை. நானே நேரில் சோதித்தேன்."

தேதி போட்டேன். கீழே மு. செல்லையன் என்று கையெழுத்துப் போட்டேன்.